மனசு ஒரு பொறியா? நகரித் திண்ணையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அப்பா விசைத்தறி மேஸ்திரி. எங்கள் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் தறி ஓடும். பகலில் இரண்டு பேர் பேச வேண்டுமானால் கத்தித்தான் பேச வேண்டும். அதனால் கரண்ட் போனால்தான் எங்கள் தெருவில் தத்துவம் பிறக்கும். அந்த மாதிரி நேரங்களில் பழைய மாணவர்களும் தறிக்காரர்களும் சொந்தக்காரப் பிள்ளைகளும் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். சுற்றிச் சுற்றி எல்லாம் ஒரே விஷயம்தான்: மனித மனசை ஒரு இயந்திரமாகப் புரிந்துகொள்ள முடியுமா?

கே: சுத்தி வளைக்காம சொல்லுங்க சார். மனசு மெஷினா, இல்லையா?

மெஷின்தான் என்று நினைக்கிறேன். ‘வெறும் மெஷின்’ என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ‘வெறும்’ என்ற சொல்லைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தறியைக்கூடப் பிரித்துப் பார்க்காதவர்கள். எங்கள் வீட்டில் ஒரே வருஷத்தில் வாங்கிய இரண்டு தறிகள் இருந்தன. ஒன்று மழைக்காலம் வந்தால் இழை அறுக்கும். இன்னொன்று பேசாமல் ஓடும். அப்பா இரண்டையும் வேறு வேறு விதமாகத்தான் நடத்துவார். மெஷின் என்றாலே எல்லாம் ஒரே மாதிரி, நினைத்தபடியே நடக்கும் என்பது அதைக் காசு கொடுத்து வாங்கியவனின் நினைப்பு. பழுது பார்க்கிறவன் அப்படி நினைப்பதில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் என்னிடம் விடை கிடையாது. அது வலி. கீழே வருகிறது.

கே: மண்டைக்குள்ள இரும்பா இருக்கு? எதை இயந்திரம்னு சொல்றீங்க?

இரும்பு முக்கியமில்லை. பல உறுப்புகள் ஒரு ஒழுங்கில் சேர்ந்திருக்கின்றன, ஒன்று அசைந்தால் அதனால் அடுத்தது அசைகிறது, இப்படிப் படிப்படியாகப் போய் ஒரு காரியம் முடிகிறது. எந்தப் படியிலும் ‘இங்கே ஏதோ மாயம் நடந்தது’ என்று சொல்லவேண்டிய அவசியம் இல்லை. இவ்வளவுதான் இயந்திரம். 1936-இல் ஆலன் டூரிங் என்ற இங்கிலாந்துக் கணிதக்காரர் இதைக் காகிதத்திலேயே செய்து காட்டினார். நீளமான ஒரு நாடா, அதில் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்தையும் படித்து எழுதி அழிக்கும் ஒரு தலை, சில விதிகள். விதி போட்டுச் செய்யக்கூடிய எந்தக் கணக்கையும் அந்தக் கற்பனை இயந்திரம் செய்துவிடும். இன்றைய கம்ப்யூட்டர் எல்லாம் அதன் வாரிசு.

தமிழில் இதற்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. பொறி என்றால் இயந்திரம். அதே பொறிதான் கண், காது, மூக்கு முதலான ஐம்பொறியும். திருக்குறளின் முதல் அதிகாரத்திலேயே புலன்களைப் பொறி என்றுதான் சொல்லியிருக்கிறார். நெருப்பிலிருந்து பறப்பது பொறி, எலி மாட்டுவது பொறி, ஒரு யோசனை சட்டென்று வந்தால் ‘பொறி தட்டியது’. மனசு இயந்திரமா என்று இங்கிலீஷில் கேட்டால் அபச்சாரம் போலத் தோன்றும் கேள்வி, பொறி என்று சொல்லிக் கேட்டால் பாதி பதிலோடு வந்து நிற்கிறது. சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று ஆகிவிடாது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எல்லையில் இருக்கும் எங்களுக்கு இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. 1960-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவில் நின்றோம். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு. களைத்துப் போனால் இந்தப் பக்கம் ‘மூளை வேலை செய்யல’ என்போம், அந்தப் பக்கம் ‘புர்ர பனி சேயடம் லேது’ என்பார்கள். இரண்டு மொழியிலும் மூளை ‘வேலை செய்கிற’ பொருள்தான்.

கே: தறியிலிருந்துதான் கம்ப்யூட்டர் வந்ததுன்னு எங்க ஓனர் சொல்றார். கதையா?

கதை இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருக்கும். புடவையில் பூ விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து மேலே தொங்கவிட்டிருப்போம். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதோடு சேர்ந்த பாவு இழை, அதாவது நீளவாக்கு இழை, மேலே தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். ஓர் அட்டைக்கு ஒரு ஊடை, அதாவது ஒரு குறுக்கிழை. இதை 1804 வாக்கில் ஒழுங்கான கருவியாக ஆக்கியவர் பிரான்சின் லியோன் நகரத்து ழோசேஃப் மரீ ஜக்கார்டு. அவருடைய உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள், அதற்கு 24,000 அட்டைகள் பிடித்தன. அந்தப் படம் ஒன்றை இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார்.

பாபேஜ் 1830-களில் ஒரு கணக்கிடும் இயந்திரம் வரைந்தார். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அட்டையில் ஓட்டை போட்டுச் சொல்வதாக ஏற்பாடு. அது கட்டி முடிக்கப்படவே இல்லை. ஆனால் அதைப் பற்றி 1843-இல் குறிப்பு எழுதிய ஏடா லவ்லேஸ் என்ற பெண்மணி, ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வதுபோல இது அல்ஜீப்ரா நெய்யும் என்று எழுதினார். நம் தொழிலை இவ்வளவு அழகாக வேறு யாரும் சொன்னதில்லை.

அதே குறிப்பில் அவர் இன்னொன்றும் எழுதினார். இந்த இயந்திரம் தானாக எதையும் புதிதாகப் படைக்காது, நாம் சொல்லத் தெரிந்ததை மட்டுமே செய்யும் என்று. 180 வருஷமாக எல்லோரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். 1950-இல் டூரிங் பதில் சொன்னார்: மெஷின் என்னை அடிக்கடி ஆச்சரியப்படுத்துகிறதே என்று. என் அனுபவமும் அதுதான். அட்டை அடிக்கிறவர் ஓர் ஓட்டை தவறாகப் போட்டுவிட்டார், மயில் வாலில் யாரும் நினைக்காத ஒரு சுழி விழுந்தது. ஒரு சீசன் முழுக்க அந்தச் சுழிக்குத்தான் ஆர்டர்.

கே: இதெல்லாம் வெள்ளைக்காரன் சிந்தனைதானே? நம்ம ஆளுங்க இப்படி யோசிச்சிருக்காங்களா?

மணிமேகலையில் ஒரு காதை முழுக்க வஞ்சி நகரத்தில் பல சமயத்தாரும் வரிசையாகத் தங்கள் கொள்கையைச் சொல்கிறார்கள். அதில் ஒருவன் பூதவாதி, அதாவது நிலம், நீர் முதலான பூதங்கள்தான் எல்லாம் என்பவன். ஆத்திப்பூவையும் கருப்பட்டியையும் இன்னும் சிலவற்றையும் சேர்த்து ஊறவைத்தால் போதை பிறக்கிறதே, அதுபோலப் பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கிறது என்கிறான். பூவில் போதை இல்லை, கருப்பட்டியில் போதை இல்லை. சேர்க்கையில் இருக்கிறது. தனித்தனி உறுப்பில் இல்லாத குணம் அமைப்பில் தோன்றும் என்று இன்றைய மூளை ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வதை இவன் கள் பானையை வைத்தே சொல்லிவிட்டான்.

கண்ணால் கண்டதைத் தவிர வேறு எதையும் நம்பமாட்டேன் என்றும் சொல்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டு, உன் அப்பா அம்மா யாரென்று அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் செயலி யோசிக்கிறதா என்ற இடத்தில் மறுபடி வேண்டியிருக்கும்.

ஐரோப்பாவில் இதே பேச்சை வெளிப்படையாக எழுதியவர் லா மெத்ரி என்ற ராணுவ வைத்தியர். காய்ச்சலில் படுத்திருந்தபோது, உடம்பு குழம்பினால் யோசனையும் சேர்ந்து குழம்புவதைத் தன்னிடமே பார்த்தார். மனிதன் ஓர் இயந்திரம் என்று 1747-இல் ஒரு புத்தகமே போட்டார். அவர் அடைக்கலம் புகுந்திருந்த ஹாலந்தைவிட்டும் ஓடவேண்டி வந்தது. பூதவாதியை யாரும் ஊரைவிட்டுத் துரத்தியதாக மணிமேகலையில் இல்லை.

கே: நீங்க தறின்னு சொல்றீங்க, என் பையன் கம்ப்யூட்டர்னு சொல்றான். எது சரி?

உங்கள் பையன் சொல்வதும் நான் சொல்வதும் ஒரே வியாதி. எந்தக் காலத்தில் எந்த இயந்திரம் பெரிசோ, மனசு அதுதான் என்று மனிதன் சொல்லிவிடுவான். டேகார்ட் என்ற பிரெஞ்சுத் தத்துவக்காரர் காலத்தில் அரண்மனைத் தோட்டங்களில் தண்ணீர் விசையால் ஆடும் பொம்மைகள் இருந்தன. நரம்பு என்பது அந்தக் குழாய் மாதிரி என்றார் அவர். பிறகு கடிகாரம். பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்சு. இப்போது கம்ப்யூட்டர். இன்னும் ஐம்பது வருஷத்தில் எதைச் சொல்வார்களோ.

இதை வைத்து எல்லாமே பொய் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். குழாய் என்று நினைத்ததால்தான் நரம்பில் ஏதோ ஓடுகிறது என்று தேடினார்கள். ஓடுவது தண்ணீர் இல்லை, மின்சாரம் என்று கண்டுபிடித்தார்கள். உவமை தப்பாக இருந்தாலும் தேடவேண்டிய இடத்தைக் காட்டியது.

டேகார்ட் மனிதனை முழுசாக இயந்திரம் என்று சொல்லவில்லை, மிருகங்களைத்தான் சொன்னார். மனிதனைப் பிரித்துக் காட்ட 1637-இல் இரண்டு சோதனை வைத்தார். இயந்திரம் எந்தப் பேச்சுக்கும் பொருத்தமாகப் பதில் பேசாது. ஒரு வேலையை நன்றாகச் செய்தாலும் எல்லா வேலைக்கும் வளைந்து கொடுக்காது. முதல் சோதனை நம் கண் முன்னாலேயே தடுமாறிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது இன்னும் நிற்கிறது. 1997-இல் சதுரங்க உலகச் சாம்பியன் காஸ்பரோவை கம்ப்யூட்டர் ஜெயித்தது. ஆனால் அறுந்த இழையை முடி போட்டுவிட்டு, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, குழம்பில் உப்பு பார்க்கும் ஒரு மெஷினை நான் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பெண் இருக்கிறாள்.

கே: மூளைக்குள்ள நிஜமா என்னதான் நடக்குது?

சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள், அதாவது நியூரான்கள். எடை ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே. செலவாகும் சக்தி சுமார் 20 வாட், அதாவது ஒரு சின்ன பல்பு. உடம்பு எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான், ஆனால் உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. பெரிய வீட்டில் சின்னப் பிள்ளை எல்லோரையும் வேலை வாங்குகிற மாதிரி.

நரம்பில் செய்தி கண் இமைப்பதற்குள் போகும், அதை அளக்கவே முடியாது என்று நினைத்திருந்தார்கள். 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தவளையின் நரம்பில் அளந்து பார்த்தார். நொடிக்கு 30 மீட்டர் பக்கம் வந்தது. அது திருப்பதி ரோட்டில் காலியாக வரும் காரின் வேகம், அவ்வளவுதான். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ‘நினைத்த மாத்திரத்தில்’ என்கிறோமே, அந்த மாத்திரத்துக்கும் நேரம் பிடிக்கிறது. நேரம் பிடித்தால் ஏதோ பொருள் நகர்கிறது என்று அர்த்தம். நகர்ந்தால் அதைத் தேடிப் பிடிக்கலாம்.

பிடித்தார்கள். கணவாயின் உடம்பில் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனான நரம்பிழை ஒன்று உண்டு. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் அதற்குள் மின்கம்பியைச் செருகி, உப்பில் இருக்கும் சோடியம் உள்ளே பாய்வதும் பொட்டாசியம் வெளியே போவதும்தான் அந்தச் செய்தி என்று 1952-இல் சமன்பாடு எழுதிக் காட்டினார்கள். அந்தச் சமன்பாட்டைப் போட்டுப் பார்க்க அப்போது கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை. ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்குப் பெட்டியை வாரக்கணக்கில் சுற்றினார். 1963-இல் நோபல் பரிசு. நரம்பின் அளவில் நாம் ஓர் இயந்திரம் என்பதில் அதற்குப் பிறகு யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. சந்தேகம் எல்லாம் 8,600 கோடியும் சேரும்போது என்ன ஆகிறது என்பதில்.

கே: உறுப்பு கெட்டா மனசும் கெடுமா? அப்படின்னா தானே அது மெஷின்?

இதுதான் சரியான சோதனை. தறியில் எந்தப் பாகம் போனால் எந்த மாதிரி குறை விழும் என்பதை வைத்துத்தான் மேஸ்திரி பாகத்தின் வேலையைக் கற்றுக்கொள்கிறார். மூளையிலும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம், பாவம், மனிதர்கள் அடிபட்டு.

1848-இல் அமெரிக்காவில் ரயில் பாதைக்குப் பாறை உடைத்துக்கொண்டிருந்தவர் ஃபினியஸ் கேஜ். வெடிமருந்தைக் குத்தி இறுக்கும் இரும்புக் கம்பி, ஒரு மீட்டருக்கு மேல் நீளம், ஆறு கிலோ, கன்னத்தில் நுழைந்து மண்டை உச்சியில் வெளியே வந்தது. ஆள் பிழைத்துவிட்டார். பேச்சு இருந்தது, ஞாபகம் இருந்தது, குணம் மாறிவிட்டது என்று வைத்தியர் எழுதினார். பிற்பாடு சிலி நாட்டில் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டியிருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கதை சொல்கிறவர்கள் அதை விட்டுவிடுவார்கள்.

ஹென்றி மொலைசன் 1953-இல் வலிப்புக்கு அறுவை செய்துகொண்டவர். மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைப் பெருமளவு எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு புதிதாக எதுவும் நினைவில் நிற்கவில்லை. ஆனால் பிரெண்டா மில்னர் என்ற ஆராய்ச்சியாளர், கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் அவர் கை தேறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு நாளும் அதை முதல்முறை செய்வதாகவே நினைத்தார். ஞாபகம் என்று நாம் ஒரே பெயர் வைத்திருப்பது உள்ளே இரண்டு வேறு வேலை.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்துவிட்டேன். அப்பாவுக்கு மூளையில் ரத்தம் அடைத்து வாதம் வந்தது. வலது கை இரண்டு வாரத்தில் தேறிவிட்டது, பெயர்கள் போய்விட்டன. தறியில் ஊடை நூலோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் நாடாவைக் கையில் கொடுத்து ‘இது என்னப்பா’ என்றால் விழிப்பார். ‘அது... போகுமே...’ என்பார். அதே கை, அறுந்த இழையைக் கண்டால் பார்க்காமலேயே முடி போட்டுவிடும். எங்கள் பக்கம் எலும்பு முறிந்தால் புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடுவோம். ‘மூளைக்கும் ஒரு கட்டு இருந்தா நல்லா இருக்குமே’ என்று அம்மா அன்றைக்குச் சொன்னது சிரிப்புக்காக இல்லை.

கே: அப்போ வரைபடம் முழுசாப் போட்டுட்டா மனசு புரிஞ்சிடுமா?

ஒரு புழுவைக் கேட்டுப் பாருங்கள். மண்ணில் வாழும் சீ. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர்ப் புழுவுக்கு 302 நரம்பணுக்கள்தான். எது எதோடு இணைகிறது என்ற வரைபடம் 1986-லேயே வந்துவிட்டது. நாற்பது வருஷம் ஆகிறது, அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று இன்னும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. 2024-இல் பழ ஈயின் மூளை வரைபடம் முழுசாக வந்தது, சுமார் 1,39,000 அணுக்கள். பெரிய வேலைதான். ஆனால் பாவு பிணைத்திருக்கும் படத்தை வைத்து என்ன புடவை வரும் என்று சொல்ல முடியாதே. அட்டை வேண்டும், தறி எந்த வேகத்தில் ஓடுகிறது என்று வேண்டும், நூலின் இழுவை வேண்டும்.

கே: செல்போன்ல கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லுதே, அது யோசிக்குதா தாத்தா?

என் தங்கை பேத்தி கேட்டது. பரீட்சைக் கட்டுரை அதுதான் எழுதித் தருகிறது போலிருக்கிறது.

அந்தச் செயலி ஏராளமான எழுத்தைப் படித்து, இதற்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கப் பழகியது. ஜான் சேர்ல் என்ற தத்துவக்காரர் 1980-இல் சொன்ன ஓர் உதாரணம் இதற்குப் பொருந்தும். அவர் சீன மொழியை வைத்துச் சொன்னார், நான் நம்மூர்ப்படி சொல்கிறேன். என்னை ஏகாம்பரகுப்பத்தில் ஓர் அறையில் பூட்டிவிட்டு, வங்காளத்தில் எழுதிய சீட்டுகளைக் கதவிடுக்கில் போடுகிறீர்கள். எனக்கு வங்காளம் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் ‘இந்த வடிவம் வந்தால் அந்த வடிவத்தை எழுது’ என்று தமிழில் ஒரு தடிப் புத்தகம் கையில் இருக்கிறது. வெளியே இருக்கிறவருக்கு, உள்ளே நன்றாக வங்காளம் தெரிந்த ஆள் இருப்பதாகத் தோன்றும். எனக்குத் தெரியும் என்று சொல்லலாமா?

திருக்குறளில் 1020-ஆவது குறள் இதைவிடச் சுருக்கம். உள்ளே நாணம் இல்லாதவர் நடமாடுவது, கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிர் இருப்பதுபோல மருட்டுவது மாதிரி என்கிறது. உயிர் மருட்டி! 1966-இல் வைசன்பாம் என்பவர் எலிசா என்று ஒரு சின்ன நிரல் எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அவருடைய செகரட்டரி அதோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, நான் தனியாகப் பேசவேண்டும், நீங்கள் கொஞ்சம் வெளியே போங்கள் என்று அவரையே அனுப்பினாராம். நாம் மருளத் தயாராக இருக்கிறோம்.

ஆனாலும் பேத்தியிடம் ‘யோசிக்கவே இல்லை’ என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மூளையில் இருக்கும் எந்த ஒரு நரம்பணுவுக்கும் தமிழ் தெரியாது. அவையும் வந்த துடிப்புக்கு விதிப்படி பதில் துடிப்பு கொடுப்பவைதான். அப்போது எனக்குத் தமிழ் தெரியும் என்பது எப்படி? சேர்லின் அறையில் எனக்கு வங்காளம் தெரியாவிட்டால் போகிறது, அறை முழுவதற்கும் சேர்த்துத் தெரியும் என்று சிலர் வாதிட்டார்கள். சேர்ல் ஒப்பவில்லை. சரி, மணிமேகலையின் கேள்விக்கு வருவோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு மனசு இருக்கிறது என்பதையே நான் அனுமானத்தால்தான் அறிகிறேன். அவரும் என் மாதிரி சதை, என் மாதிரி அழுகிறார், ஆகவே என் மாதிரி உள்ளே ஏதோ இருக்கும். செயலிக்கு அந்தச் சதை இல்லை, பசி இல்லை, சாவு பயம் இல்லை. என் அனுமானம் அங்கே நொண்டுகிறது. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

கே: வலிக்குதே சார், மெஷினுக்கு வலிக்குமா?

இங்கேதான் நான் நிற்கிறேன்.

1714-இல் லைப்னிட்ஸ் என்ற ஜெர்மன் தத்துவக்காரர் ஒரு காட்சி சொன்னார். யோசிக்கும், உணரும் இயந்திரம் ஒன்று இருக்கிறது, அதை ஒரு மாவு மில் அளவுக்குப் பெரிதாக்கி உள்ளே நடந்து போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையொன்று தள்ளும் பாகங்களைத்தான் பார்ப்போம், உணர்வை எங்கேயும் பார்க்கமாட்டோம். நான் தினமும் தறிக்கூடத்துக்குள் நடந்தவன், இது எனக்கு வயிற்றில் குத்தும். பூதவாதி இருந்தால், பானைக்குள் இறங்கிப் பார்த்தால் போதையும்தான் தெரியாது என்பான். கெட்டிக்காரப் பதில். ஆனால் போதை எப்படி வருகிறது என்று இன்றைக்கு விளக்கிவிடலாம், வலி ஏன் வலிக்கிறது என்பதை அந்த மாதிரி விளக்க முடியவில்லை. இதைக் கடினமான சிக்கல் என்று 1995-இல் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவக்காரர் பெயரிட்டார். பெயர் நிலைத்துவிட்டது, சிக்கலும் நிலைத்துவிட்டது.

வலியின் இயந்திரப் பக்கமும் சாதாரணமில்லை. எங்கள் தெருவில் பெல்ட்டில் மாட்டி இரண்டு விரல் போனவர் ஒருவர், இல்லாத விரல் அரிக்கிறது என்பார். எல்லோரும் சிரித்தார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன வி.எஸ். ராமச்சந்திரன் சிரிக்கவில்லை. கை போனவர்களுக்கு அந்த இல்லாத கை இறுக்கி மூடிக்கொண்டு வலிக்கிறது என்றபோது, ஒரு பெட்டியில் கண்ணாடி வைத்து, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். இருக்கும் கையைத் திறந்தால் இல்லாத கையும் திறப்பதுபோலக் கண்ணுக்குத் தெரியும். சிலருக்கு வலி குறைந்தது. ஒரு சாதாரணக் கண்ணாடி! மூளை உடம்பைப் பற்றி ஒரு படம் வைத்திருக்கிறது, படத்தில் பிழை விழுந்தால் வலிக்கிறது, படத்தைத் திருத்தினால் குறைகிறது. மெஷின் என்று நினைத்தவர்தான் இப்படிப் பழுது பார்த்திருக்க முடியும். வலி ஏன் வலிக்கிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

கே: எல்லாம் நியூரான் பண்றதுன்னா, நான் குடிச்சதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?

கேட்டவர் யாரென்று சொல்லமாட்டேன். வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே நின்றார்.

அவர் பிடித்துக்கொண்டிருந்தது 1983-இல் பெஞ்சமின் லிபெட் என்ற மூளை ஆராய்ச்சியாளர் வெளியிட்ட சோதனை. எப்போது தோன்றுகிறதோ அப்போது விரலை அசையுங்கள், அசைக்க நினைத்த நொடியைக் கடிகாரத்தில் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நினைத்ததாகச் சொன்ன நேரம் அசைவுக்குச் சுமார் 0.2 நொடி முன்னால். மூளையில் மின் எழுச்சி ஆரம்பித்தது அரை நொடி முன்னால். ஆக, நான் முடிவெடுக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. 2012-இல் ஷர்கர் என்பவர் குழு வேறு விளக்கம் தந்தது: மூளையில் எப்போதும் ஏறி இறங்கும் சலசலப்பு ஒரு வரம்பைத் தொடும்போது விரல் அசைகிறது, பின்னோக்கிச் சராசரி எடுத்தால் அது முன்கூட்டியே கிளம்பிய முடிவு மாதிரித் தெரிகிறது.

விரலைக் காரணமில்லாமல் அசைப்பதும், சாயங்காலம் ஆறு மணிக்குச் சட்டை மாற்றி, காசு எடுத்து, வண்டி கிளப்பிப் போவதும் ஒன்றா? அந்த வழி நெடுக வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பொறியும் உங்களுக்குள்தான் இருக்கிறது. நியூரான்தான் நீங்கள் என்றால், நியூரான் குடித்தது நீங்கள் குடித்ததுதான். வீட்டுக்காரம்மா தலையாட்டினார்.

கே: கோடெல் என்று ஒருவர் மனசு மெஷின் இல்லை என்று நிரூபித்துவிட்டாராமே?

கோடெல் என்ற கணிதக்காரர் 1931-இல் நிரூபித்தது வேறு: முரண்பாடு இல்லாத, எண்கணிதம் செய்யும் அளவுக்கு வலுவுள்ள எந்த விதித்தொகுப்பிலும், அந்த விதிகளால் உண்மை என்றும் பொய் என்றும் நிரூபிக்க முடியாத கூற்று இருக்கும். மனிதனுக்கு அது உண்மை என்று தெரிகிறதே, ஆகவே மனிதன் மெஷின் இல்லை என்று 1961-இல் லூக்கஸும் 1989-இல் பென்ரோஸும் வாதாடினார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. மனிதனுக்கு அந்த வரம்பு இல்லை என்று யார் நிரூபித்தது? டூரிங்கும் இதையேதான் கேட்டார். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில், மனித மூளை முரண்பாடு இல்லாதது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

கே: அப்போ ஆத்மா கிடையாதா? ஆடிக் கிருத்திகைக்குக் காவடி மட்டும் எடுக்கறீங்க?

எடுக்கிறேன். சைவ சித்தாந்தம் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் நான்கையும் அந்தக்கரணம் என்கிறது. கரணம் என்றால் கருவி. அந்த நான்கும் மாயையிலிருந்து வந்த சடம், உயிர் அதை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. மனசு ஒரு கருவி என்பதில் எங்கள் ஊர் ஓதுவாருக்கும் மூளை டாக்டருக்கும் தகராறு இல்லை. கருவியைப் பிடித்திருக்கும் கை ஒன்று உண்டா என்பதில்தான் தகராறு. எனக்குக் கை தேவைப்படவில்லை, ஆனால் காவடியின் கனம் தோளில் இறங்கும்போது இந்தக் கேள்வியே ஞாபகம் வருவதில்லை.

கே: பன்னெண்டு மணி நேரம் மெஷின் மாதிரி நிக்கிறோம். எங்களைப் போய் மெஷினான்னு கேக்கறீங்களே?

தறி ஓட்டும் ஓர் அம்மா கேட்டது. வலியை விட்டால், இந்தப் பக்கத்தில் இருக்கும் கேள்விகளில் எனக்கு உடனே பதில் வராதது இது ஒன்றுதான்.

‘மெஷின் மாதிரி வேலை வாங்குறாங்க’ என்று சொல்கிறோம். உண்மையில் மெஷினை யாரும் அப்படி நடத்துவதில்லை. தாங்கி சூடானால் நிறுத்துகிறார்கள், எண்ணெய் விடுகிறார்கள், ஊடை அறுந்தால் தறி தானாக நின்றுகொள்ளும்படி அதிலேயே ஏற்பாடு இருக்கிறது. அந்த அம்மாவிடம் சொன்னேன்: உங்கள் மூளையையும் இயந்திரம் என்று நம்பினால், தூக்கம் கெட்டால் கவனம் எவ்வளவு குறையும், பத்தாவது மணி நேரத்தில் கை எவ்வளவு தாமதமாகும் என்றெல்லாம் அளந்து சொல்லலாம், ஓனரிடம் வாதாடலாம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘மனுஷின்னு சொல்லிக் கேட்டா தரமாட்டாரு, மெஷினுன்னு சொல்லிக் கேட்டா தருவாருன்றீங்க’ என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. மறுக்கவும் முடியவில்லை.

கே: உங்க அப்பாவுக்குக் கடைசியில பேச்சு திரும்புச்சா?

முக்கால்வாசி. ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னால் தடங்கலே இல்லாமல் எண்ணினார். பழைய பாட்டை யாராவது ஆரம்பித்தால் சொல் பிசகாமல் கூடவே பாடினார். இது இடது பக்கம் அடிபட்ட பலருக்கும் நடப்பதுதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பழகிப்போன சொல்வரிசைக்கும் பாட்டுக்கும் மூளையில் வேறு வழி இருக்கிறது. எங்கள் பெயர்கள் நாலைந்து மாதத்தில் வந்துவிட்டன, என் பெயர் கடைசி. நாடா என்ற சொல் மட்டும் வரவே இல்லை. ‘ஓடறது’ என்று அதற்கு அவரே ஒரு பெயர் வைத்துக்கொண்டார். கடைசிவரைக்கும் எங்கள் கூடத்தில் எல்லோரும் அதை அப்படித்தான் கூப்பிட்டோம்.